சதுப்பு: காலைப் பிடிக்கும் நிலம், நீரைப் பிடிக்கும் நிலம்

ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் சாலையில் புல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டு மேடுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தைக் கவனித்தால் அங்கே பச்சையே வேறு மாதிரி இருக்கும். மேட்டுப் புல் ஜனவரியில் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். பள்ளத்தில் மட்டும் கரும்பச்சை நிற்கும். மரம் இருக்காது. மாடுகள் ஓரத்தில் மேயும், நடுவே இறங்காது. அந்தப் பள்ளம்தான் சதுப்பு. பழனி மலையில் பேரிஜம், மன்னவனூர் பக்கத்துப் பள்ளங்களிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம்.

சதுப்பு, சேறு, சகதி, புதைகுழி, ஈரநிலம் ஆகிய சொற்களைப் பலர் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக எழுதிவிடுகிறார்கள். நிலத்தைச் சொல்லும்போதும் அது பிழை, உவமையாகச் சொல்லும்போதும் பிழை. முதலில் நிலம் என்னவென்று தெரிந்துகொண்டால், சொல்லின் மற்ற பொருள்கள் எங்கிருந்து கிளைத்தன என்பது தானே விளங்கும்.

நிலமாக இருக்கும் சதுப்பு

ஆண்டின் பெரும்பகுதி நீர் ஊறி நிற்கும், காலை வைத்தால் அமுங்கும், நீர்ச்செடிகள் மூடிய நிலம் சதுப்பு. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். மழைக்கு நான்கு நாள் தேங்கும் நீர் சதுப்பாகாது. அது வெறும் தேக்கம். பேருந்து நிலையத்து வாசலில் காலில் ஒட்டுவது சகதி. அதில் செடியும் இல்லை, ஊற்றும் இல்லை.

நீலகிரியில் 1,800 மீட்டருக்கு மேல், மேல்பவானி, அவலாஞ்சி, முக்குருத்தி, சாண்டிநல்லா பக்கங்களில் சதுப்புகள் உண்டாகக் காரணம் பள்ளத்தின் அமைப்பும் குளிரும். மேட்டில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, அடிப்பாறையைத் தொட்டு, அதன்மேல் மெல்ல நகர்ந்து பள்ளத்தின் ஓரத்தில் கசிந்து வெளிவருகிறது. பள்ளம் தட்டையாக இருந்தால் நீர் ஓடாமல் நிற்கும். நீர் நிற்கும் மண்ணுக்குள் காற்று போகாது. காற்று இல்லாவிட்டால் செத்த புல்லையும் கோரையையும் மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் சரியாக வேலை செய்யாது. குளிர் அந்த வேலையை இன்னும் மெதுவாக்கும். ஆண்டுதோறும் மடியும் செடி முழுதாக மக்காமல் முந்தின ஆண்டுச் செடியின்மேல் படிகிறது. அந்தப் படிவுக்குப் பீட் என்று பெயர். உலகில் பொதுவாக இது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ஒரு மீட்டர் பீட் என்றால் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு.

அங்கே மரம் ஏன் இல்லை என்பது பலர் கேட்கும் கேள்வி. இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. நீரில் மூழ்கிய வேருக்கு மூச்சு முட்டும். அதோடு, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இரவில் மேட்டிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் பள்ளத்தில் தங்கிவிடும். உறைபனி முதலில் விழுவதும் கடைசியில் விலகுவதும் அங்கேதான். சோலைமரக் கன்று ஒன்று தப்பித் தவறி முளைத்தாலும் இந்தப் பனியில் கருகும்.

அடையாளம் காண்பது எப்படி

மழைக்காலத்தில் எல்லாப் பள்ளமும் சதுப்பு மாதிரிதான் தெரியும். ஆகவே மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ பாருங்கள். அப்போதும் கைப்பிடி மண்ணை எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டினால் பாதி விடை கிடைத்துவிட்டது.

அடுத்து மண். மண்வெட்டியால் முழங்கை ஆழம், அதாவது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர், ஒரு குழி எடுங்கள். மேலே கறுப்பான நார்மண் வரும். அதன் கீழே மண் சாம்பல் நிறத்திலோ நீலம் கலந்த சாம்பலிலோ இருந்தால் அங்கே நீண்டகாலமாக நீர் நிற்கிறது என்று பொருள். காற்றுப் படாத மண்ணில் இரும்பு தன் சிவப்பை இழந்துவிடும். வேர் போன வழியில் மட்டும் சிறிது காற்று நுழைவதால் அங்கே துருநிறக் கோடுகள் ஓடும். சாம்பலுக்குள் துருக்கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். குழியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வருவதும் காற்றில்லா மண்ணின் அடையாளம்தான். பார்த்து முடித்ததும் எடுத்த மண்ணை எடுத்த வரிசையிலேயே திரும்பப் போட்டு மிதித்துவிடுங்கள். திறந்து கிடக்கும் குழி பீட்டைக் காயவைக்கும்.

பீட் எவ்வளவு மக்கியிருக்கிறது என்பதைக் கையாலேயே சொல்லலாம். இதை ஃபான் போஸ்ட் அளவுகோல் என்பார்கள், 1 முதல் 10 வரை. ஒரு பிடி பீட்டை எடுத்து முட்டியை மூடி அழுத்துங்கள். தெளிந்த நீர் மட்டும் வடிந்து, கையில் செடியின் தண்டும் இலையும் அப்படியே தெரிந்தால் அது 1, 2. கலங்கல் நீர் வந்து, கையில் டீக்கடைத் தேயிலைச் சக்கை போல ஏதோ மிஞ்சினால் நடுவில் எங்கோ. விரலிடுக்கில் மொத்தமும் குழம்பாக வழிந்து கையில் எதுவும் மிஞ்சாவிட்டால் 10. மேல் அடுக்கில் சிறிய எண்ணும் அடியில் பெரிய எண்ணும் வருவது இயல்பு. மேலேயே 8, 9 வந்தால் அந்தச் சதுப்பு எங்கோ வடிக்கப்பட்டுக் காய்ந்துகொண்டிருக்கிறது என்று ஐயப்படலாம்.

ஆழம் பார்க்க விரல் மொத்தத்தில் ஒரு இரும்புக் கம்பி போதும். நேராக அழுத்தினால் பீட்டுக்குள் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். களிமண்ணோ சரளையோ தட்டும் இடத்தில் கை உணரும். பள்ளத்தின் குறுக்கே ஐந்தைந்து மீட்டருக்கு ஒருமுறை இப்படிக் குத்திக் குறித்தால் அடிவடிவம் கிடைத்துவிடும்.

செடிகளும் சொல்லும். கோரைகள் இருக்கும். அழுகண்ணி என்று பெயர் சொல்லப்படும் ட்ரோசீரா, இலைநுனியில் பனித்துளி மாதிரி பசைத்துளி ஏந்திப் பூச்சி பிடித்து உண்ணும். மக்காத மண்ணில் நைட்ரஜன் கிடைப்பது அரிது. அதனால்தான் அந்தச் செடி பூச்சியிடம் போகிறது. நீலகிரிக்கே உரிய எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல்லும் இந்த ஈரப் பள்ளங்களில்தான் வளர்கிறது. தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேய்வது இந்தப் புல்லால். சதுப்பு காய்ந்தால் ஒரு கோயிலின் கூரையும் போகும்.

பக்கத்துச் சொற்கள்

கூடலூர், பந்தலூர் பக்கம் இறங்கினால் இதே மாதிரி ஈரப் பள்ளத்துக்கு ‘வயல்’ என்று பெயர். நெல் நட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் ஈரப் புல்வெளிகளும் வயல்தான். புத்தூர்வயல், பாட்டவயல் என்ற ஊர்ப் பெயர்களில் அந்தப் பொருள் இன்னும் ஒட்டியிருக்கிறது. சமவெளியிலிருந்து வருபவர் வயல் என்று கேட்டதும் நாற்றும் வரப்பும் நினைத்துக்கொண்டால் வழி தவறிவிடும்.

கடலோரத்தில் உப்புநீர் ஏறி இறங்கும் இடம் கழி. பிச்சாவரம் அலையாத்திக் காட்டைச் ‘சதுப்புநிலக் காடு’ என்கிறோம், பள்ளிக்கரணையையும் சதுப்பு நிலம் என்கிறோம். ஒன்று உப்புக் கழி, மற்றொன்று நன்னீர் நிற்கும் தாழ்நிலம். மலைச்சதுப்பு இவ்விரண்டோடும் சேராது. ஆகவே மலையைப் பற்றி எழுதும்போது ‘மலைச்சதுப்பு’ என்றே எழுதுவது குழப்பம் தவிர்க்கும்.

ஈரநிலம் என்பது இவை எல்லாவற்றையும் அடக்கும் பெரிய சொல். 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை ஏரி, ஆறு, கழி, சதுப்பு, நெல்வயல், தாழ்நீரில் ஆறு மீட்டர் ஆழத்துக்கு மிகாத கடலோரம் என எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்தது. கோத்தகிரி பக்கத்து லாங்வுட் சோலை 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 116 ஹெக்டேர் அடர்ந்த காடு அது. போய்ப் பார்ப்பவருக்கு மரங்கள்தான் கண்ணில் படும். ஆனால் காட்டின் அடியில் ஊற்றுகள். ஒவ்வொரு சதுப்பும் ஈரநிலம். ஒவ்வொரு ஈரநிலமும் சதுப்பு ஆகாது.

பழந்தமிழில் இந்த வகைச் சொற்கள் இன்னும் நுட்பமானவை. அள்ளல், அளறு என்பவை கால் புதையும் சேறு. அசும்பு என்பது நீர் கசிந்து வழுக்கும் நிலம். மலைச்சதுப்பின் ஓரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது, இன்று யாரும் எடுத்தாள்வதில்லை என்பதுதான் வருத்தம். பழனம் என்பது மருதத்தின் நீர்வளமுள்ள வயல்வெளி.

கால் ஏன் மாட்டிக்கொள்கிறது

உருவகங்கள் எல்லாம் முளைத்த இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு பாதம் ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 300 கிராம் எடை தாங்க வேண்டும். நீர் ஊறிய பீட்டில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. அந்த எடையைத் தாங்காமல் அமுங்கும். மாட்டுக்கு எடை அதிகம், குளம்பு சிறியது. அதனால் மனிதர் கணுக்கால்வரை புதையும் இடத்தில் மாடு வயிறுவரை இறங்கிவிடும்.

அமுங்குவது பாதிப் பிரச்சினை. மற்றப் பாதி, வெளியே எடுப்பது. காலை மேலே இழுக்கும்போது பாதத்துக்குக் கீழே வெற்றிடம் உண்டாகிறது. அந்த இடத்தை நிரப்ப நீரோ காற்றோ உடனே வர முடியாதபடி சேறு சுற்றிலும் இறுகியிருக்கிறது. ஆகவே சேறு காலைத் திரும்பக் கீழே இழுக்கிறது. பதற்றத்தில் மற்றக் காலை ஊன்றி இழுத்தால் அந்தக் காலும் இறங்கும். உலுக்கினால் சேறு நெகிழ்ந்து இடம் விடும், விட்டவுடன் மீண்டும் படிந்து இறுகும். ‘அசைய அசைய ஆழும்’ என்று சொல்வது வெறும் பயமுறுத்தல் அல்ல, கண்டறிந்த உண்மை.

ஆனால் தலைவரை விழுங்கிவிடும் என்பது பெரும்பாலும் மிகை. மண் கலந்த சேறு மனித உடலைவிட அடர்த்தியானது, ஆகவே உடல் ஒரு கட்டத்தில் மிதக்கத் தொடங்கும். புதைமணலைப் பற்றி 2005-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, மனிதர் அதில் பாதிக்குமேல் மூழ்குவதில்லை என்று காட்டியது. காலை வேகமாக உருவ ஒரு காரைத் தூக்கும் அளவுக்கு விசை வேண்டும் என்றும் அதே ஆய்வு சொல்லிற்று. பீட் மண் இலேசானது, மிதப்புத் தருவது குறைவு. மேலே பாய்போலச் செடி மூடி அடியில் நீர் நிற்கும் சதுப்பில் இந்த ஆறுதல் செல்லாது.

மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது: முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். முதுகுப்பையைக் கழற்றிப் பின்பக்கம் போடுங்கள். அதன்மேல் மல்லாந்து சாயுங்கள். படுத்துவிட்டால் உடலின் எடை ஒற்றைக் காலில் நிற்பதைவிட முப்பது பங்கு அகலமான பரப்பில் பரவும், அதற்குமேல் இறங்காது. பிறகு ஒரு காலை மட்டும் சின்ன வட்டமாக ஆட்டி ஆட்டிச் சுற்றிலும் நீர் இறங்க இடம் கொடுங்கள். கட்டைவிரலை நீட்டி வைத்து மெல்ல உருவுங்கள். செருப்பு, ஷூ போனால் போகட்டும். ஒரு கால் வெளிவந்த பிறகே மற்றது. எழுந்து நிற்காமல், வந்த வழியிலேயே புரண்டு திரும்புங்கள். முன்னால் இருக்கும் நிலம் எப்படி என்று தெரியாது, பின்னால் இருப்பது தாங்கியது என்று தெரியும். மாடு மாட்டினால் கழுத்தில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. மூச்சு நின்றுவிடும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் அடியில் அகலமான பட்டையோ மடித்த சாக்கோ கொடுத்து, பலகைகளின்மேல் நின்று பக்கவாட்டில் இழுக்க வேண்டும். ஆள் போதவில்லை என்றால் 101-ஐ அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையைக் கூப்பிடுவதே முறை.

சொல்லாக இருக்கும் சதுப்பு

இப்போது திருக்குறளின் 500-ஆம் பாடலைப் படித்தால் அது வேறு தெளிவோடு தெரியும்.

காலாழ் களரின் நரியடும் கண்ணஞ்சா
வேலாள் முகத்த களிறு.

வேல்வீரர்களுக்கே அஞ்சாத களிறு, கால் ஆழும் களரில் அகப்பட்டால் அதை ஒரு நரி கொன்றுவிடும். இடனறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள் இது. யானையின் பலம் குறையவில்லை. பலத்துக்கு ஊன்ற இடம் இல்லை. ‘களர்’ என்றால் உவர்நிலம் என்றும் பொருள் உண்டு. 406-ஆம் குறள் கல்லாதவரை விளையாத களருக்கு ஒப்பிடுவது அந்தப் பொருளில். 500-இல் ‘கால் ஆழ்’ என்ற அடை சேர்ந்ததும் அது சேற்றுநிலம் ஆகிவிடுகிறது. எந்தக் களர் என்பதைச் சொல்வது பக்கத்தில் நிற்கும் சொல்தான்.

அளறு இன்னும் ஒரு படி மேலே போன சொல். சேறு என்ற பொருளோடு நரகம் என்ற பொருளும் அதற்கு வந்துவிட்டது. 835-ஆம் குறளில், பேதை ஒரே பிறவியில் செய்யும் செயல், ஏழு பிறவியும் ‘தான்புக் கழுந்தும் அளறு’. அழுந்துதல் என்ற வினையைக் கவனியுங்கள். நரகம் என்றதும் தீயை நினைக்கப் பழகிவிட்டோம். இங்கே நரகம் மேலேற முடியாமல் அமுங்கிக்கொண்டே போகும் இடம். இழுக்க இழுக்க ஆழும் சேற்றைக் கண்ணால் பார்த்தவர்களின் மொழியில்தான் இப்படி ஒரு நரகம் உருவாகும்.

இன்றைய பேச்சில் இந்த ‘மாட்டிக்கொள்ளுதல்’ பொருளைச் சேறும் புதைகுழியும் சுமக்கின்றன. ‘கடன் புதைகுழியில் விழுந்துட்டான்’ என்றால் வட்டிக்கு வட்டி வாங்கி ஆழ்கிறவன் என்று யாருக்கும் புரியும். ஆனால் எழுதும்போது ஓர் எச்சரிக்கை: புதைகுழி என்பதற்குப் பிணம் புதைக்கும் குழி என்ற பொருளும் உண்டு. மனிதப் புதைகுழி பற்றிய செய்திகளில் அச்சொல் வருவது அந்தப் பொருளில். நிலத்தைச் சொல்கிறீர்கள் என்றால் புதைசேறு, மணலைச் சொல்கிறீர்கள் என்றால் புதைமணல் என்று எழுதிவிடுங்கள்.

சேற்றுக்கு இன்னொரு குணம், ஒட்டுவது. ‘சேற்றை வாரி இறைப்பது’, ‘சேறு பூசுவது’ எல்லாம் பழி சுமத்துவதற்கு ஆகிவந்தன. சேற்றில் கல்லெறிந்தால் நம்மேல்தான் தெறிக்கும் என்ற பேச்சு, இழிந்தவரோடு வாய்கொடுக்காதே என்பதற்கு. மூன்றாவது குணம், உறுதியின்மை. ஒரு முடிவுக்கும் வராமல் இரண்டு பக்கமும் நிற்பவரை ‘ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்’ என்கிறோம். ஆறு இழுக்கும், சேறு பிடிக்கும். இரண்டு விசையும் எதிரெதிர், நடுவில் நிற்பவர் கிழிபடுவார். இவ்வளவு சரியாக எடை போட்ட சொலவடை அதிகம் இல்லை.

குட்டையிலிருந்து வந்தவையும் உண்டு. நீரைக் கலக்கிவிட்டால் மீனுக்குக் கண் தெரியாது, கையாலேயே அள்ளலாம். அதுதான் குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது. கீற்று முடையத் தென்னை மட்டையை நீரில் ஊறப்போடுவார்கள். எந்த மரத்து மட்டையானாலும் ஒரே குட்டையில் ஊறினால் ஒரே நிறம், ஒரே வாடை. அதுவே ‘ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்’.

இவ்வளவும் கெட்ட பொருள்தானா என்றால், இல்லை. தமிழ் ஈரநிலத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. சேறு பக்கம் இழிவு, ஈரம் பக்கம் அன்பு. இரக்கமில்லாதவனை ‘நெஞ்சில் ஈரமில்லாதவன்’ என்கிறோம். 91-ஆம் குறள் இன்சொல்லை ‘ஈரம் அளைஇ’ வருவது, அதாவது அன்பு கலந்தது, என்கிறது. உழவர்கள் ‘நாங்க சேத்துல கால் வச்சாத்தான் நீங்க சோத்துல கை வைக்க முடியும்’ என்று சொல்லும்போது சேறே பெருமைக்குரியதாகிவிடுகிறது. சேற்றில் முளைத்த செந்தாமரை என்பதில் சேறு பாதி இழிவு, பாதி தாய்.

‘சதுப்பு’ என்ற சொல் இந்த ஆட்டத்தில் பெரிதாக இறங்கவில்லை. அது பெரும்பாலும் நிலத்தின் பெயராகவே நின்றுவிட்டது. சில கட்டுரைகளில் ‘ஊழல் சதுப்பு’, ‘வேலைச் சதுப்பில் மூழ்கினேன்’ என்றெல்லாம் பார்க்க நேர்கிறது. காதில் ஒட்டவில்லை. ஊழலுக்குச் சாக்கடை இருக்கிறது. வேலை மிகுந்தால் தலைக்குமேல் கிடக்கிறது. சிக்கலுக்குச் சேறும் புதைகுழியும் இருக்கின்றன. சதுப்பை அதன் நிலத்தோடேயே விட்டுவிடுவது நல்லது.

உருவகம் எடுத்துக்கொள்ளாத பாதி

சேற்றின் உருவகங்களில் பெரும்பாலானவை ‘பிடித்துக்கொள்வது’ என்ற ஒரு குணத்தின்மேல் நிற்கின்றன. காலைப் பிடிக்கும் அதே குணத்தால்தான் சதுப்பு நீரையும் பிடிக்கிறது. தென்மேற்குப் பருவமழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் வாங்கியதை ஏப்ரல்வரை ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளுக்கும் படகர் ஊர்களான ஹட்டிகளுக்கும் கோடையில் குழாயில் வரும் நீரில் இதன் பங்கு உண்டு.

கரிமத்தையும் பிடித்துவைக்கிறது. உலக நிலப்பரப்பில் 3 சதவீதம்தான் பீட் நிலம், ஆனால் மண்ணிலுள்ள கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதில் இருக்கிறது. காலத்தையும் பிடித்துவைக்கிறது. சூழலியலாளர் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிப் பீட் அடுக்குகளைத் துளைத்தெடுத்து 1993-ல் வெளியிட்ட ஆய்வு, 20,000 ஆண்டுகளின் பருவமழை வரலாற்றை அதிலிருந்து படித்தது. வழி எளிது: மரமும் குளிர்தாங்கும் செடிகளும் ஒரு வகைக் கரிமக் கையொப்பம் விடும், வறட்சி தாங்கும் வெப்பப் புற்கள் வேறு வகை விடும். எந்த அடுக்கில் எது மிகுதி என்று அளந்தால் அந்தக் காலம் ஈரமா வறட்சியா என்று தெரிந்துவிடும். வடித்து உழுதுவிட்டால் அந்த ஏடு அழிந்துபோகும், வேறு படி கிடையாது.

மலைக்கு வந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பள்ளம் ஏரிக்கு ஏற்ற இடமாகத் தெரிந்தது. ஜான் சலிவன் 1823-ல் ஊட்டி ஏரி வேலையைத் தொடங்கினார். அந்த ஏரியிலும் ஒரு பகுதி பின்னால் மேடாக்கப்பட்டு, குதிரைப்பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் வந்தன. கொடைக்கானலில் வேர் ஹென்றி லெவிஞ் என்ற அதிகாரி 1863-ல் சதுப்புப் பள்ளத்து ஓடையை மறித்து ஏரி கட்டினார். பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் பேரிஜம் ஏரி நிற்பதும் பழைய சதுப்பின்மேல்தான்.

சிறிய சதுப்புகள் அழிவது இதைவிட எளிதாக. நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும். நீர் இறங்கியதும் பீட்டுக்குள் காற்று புகுந்து, ஆயிரம் ஆண்டு மக்காதது மக்கத் தொடங்கும். நிலமட்டம் தாழும். மட்டம் தாழ்ந்ததும் வாய்க்காலில் மீண்டும் நீர் நிற்கும், மீண்டும் ஆழமாக வெட்டுவார்கள். முதல் இரண்டு மூன்று போகம் கேரட்டும் உருளைக்கிழங்கும் நன்றாக வரும், அதனால்தான் இந்த வேலை நிற்பதில்லை. நன்றாகக் காய்ந்த பீட் நீரை ஏற்காது. மேலே ஊற்றினால் உருண்டு ஓடும். தீப்பிடித்தால் வெளியே சுடர் தெரியாமல் மண்ணுக்குள்ளேயே நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கீழே ஓடையில் மழைநாளில் வெள்ளமும் மார்ச்சில் வெறும் கல்லும்தான் மிஞ்சும். ஓரத்தில் வாட்டில் எனப்படும் சீகை மரமோ யூக்கலிப்டஸோ ஏறிவிட்டால் வாய்க்காலே வேண்டாம், வேர்கள் அந்த வேலையைச் செய்துவிடும். பூக்கடையில் அழகாக இருக்கும் வெள்ளைக் காலா லில்லியும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து ஓடையோரங்களையும் சதுப்புகளையும் மூடிக்கொண்டிருக்கிறது. கிழங்கின் ஒரு துண்டு மண்ணில் விட்டுப்போனாலும் மறுபடி முளைக்கும், எனவே தண்டைப் பிடுங்குவதில் பயனில்லை, தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

மீட்க முடியும். வாய்க்காலை அடைப்பதுதான் முதல் வேலை. மேலிருந்து கீழாகப் போக வேண்டும். கீழ்ப்பக்கம் முதலில் அடைத்தால் மேலிருந்து வரும் வேகம் அதை உடைத்துவிடும். ஒவ்வோர் அடைப்புக்கும் அடுத்ததற்கும் நீர்மட்ட வேறுபாடு 20, 30 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சரிவு அதிகமான இடத்தில் அடைப்புகள் நெருங்கி வரும். அதே சதுப்பின் ஈரப் பீட்டையோ களிமண்ணையோ மிதித்து இறுக்கி, பக்கச்சுவருக்குள் அரை மீட்டர் நுழைத்துக் கட்டினால் நீர் சுற்றிக்கொண்டு போகாது. காய்ந்த பீட்டால் கட்டியது மிதந்து போய்விடும். சிமென்ட் சுவர் பீட்டோடு ஒட்டாது, ஓரத்தில் அரிக்கும். பிறகு சீகைக் கன்றுகளை வேரோடு எடுப்பது. புதிதாக எதையும் நட அவசரப்பட வேண்டாம், நீர் திரும்பினால் கோரை தானாக வரும். வனநிலமானால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தக்கூடாது.

கடைசியாக, மனு எழுதுபவர்களுக்கு. ஊர்ப்பக்கத்துச் சதுப்பைக் காக்க வேண்டி எழுதும் மனுவிலேயே ‘சேறும் சகதியுமாகக் கிடக்கும் இடம்’ என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கும் அதிகாரிக்கு அது தூர்வார வேண்டிய இடமாகவே தெரியும், பொக்லைன் வந்து நிற்கும். ‘ஆண்டு முழுதும் நீர் ஊறும் மலைச்சதுப்பு’ என்று தொடங்குங்கள். சர்வே எண், நீளம், அகலம், கம்பியால் பார்த்த பீட் ஆழம், ஏப்ரலில் எடுத்த படம், அதிலிருந்து புறப்படும் ஓடையின் பெயர், அந்த ஓடையை நம்பியிருக்கும் வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வரிசையாகக் கொடுங்கள். தூர்வாருதல், சுத்தம் செய்தல், அழகுபடுத்துதல் என்ற மூன்று சொற்களும் மனுவில் எங்கும் வரக்கூடாது. கேட்பது வாய்க்கால் அடைப்பு என்றால் ‘வடிகாலை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துதல்’ என்று அப்படியே எழுதுங்கள்.